போத்தலும் கரியும் சாயநீரும்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஏ9 வீதியில் ஓடும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிற்காமல் போவது அரிது. இறங்குகிறோம், தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம், ஒரு போத்தல் தண்ணீர் குடிக்கிறோம், ஏறிவிடுகிறோம். நாம் போன பிறகு அங்கே சிரட்டையும் வெறும் போத்தலும் மிஞ்சிக் கிடக்கின்றன. சிரட்டையின் பெறுமதி எங்கள் சனத்துக்குத் தெரியும். அது அடுப்புக்குப் போகும், கரியாகும், சில வேளை விலைக்கும் போகும். போத்தலோ வேலியோரத்தில் வெயில் காய்ந்து கிடந்து, ஏதோ ஒரு மாலைப்பொழுதில் சருகோடு கூட்டிக் கொளுத்தப்படுகிறது. அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறது.

அந்தப் போத்தலையும் சிரட்டையைப் போலக் கரியாக்கலாம். அந்தக் கரியைக் கொண்டு அழுக்கு நீரைத் தெளியவைக்கலாம். உயர்தர மாணவர், விஞ்ஞான ஆசிரியர், மாதர் சங்கத்தில் வேலை செய்பவர் என்று இதைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்னரே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக்கை வீட்டு முற்றத்திலோ தோட்டத்திலோ தகரப் பீப்பாவிலோ சுடாதீர்கள். சுடும்போது பென்சீன், காபனோரொட்சைட்டு போன்ற நச்சு வாயுக்கள் வரும். பி.வி.சி. ஒரு துண்டு கலந்துவிட்டாலும் ஐதரோகுளோரிக் அமிலப் புகை எழும். அரைகுறையாக எரிந்தால் டயொக்சினும் உண்டாகும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் இலங்கையில் சட்டப்படியும் தடை. ஆகவே இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சேர்ப்பது, பிரிப்பது, கழுவுவது, வெட்டுவது, சிரட்டைக் கரியில் கை பழகுவது, கடைசியில் நீரைத் தெளியவைப்பது ஆகியவை ஊரில் செய்யலாம். பிளாஸ்டிக்கைச் சுடுவதும், கரியின் துளைகளைத் திறந்து அதற்கு உயிர்ப்பூட்டுவதும் நச்சு வாயுவை வெளியேற்றும் வசதியுள்ள ஆய்வுகூடத்தில், பொறுப்பான ஒருவரின் கண்முன்னே மட்டும் நடக்க வேண்டும்.

உங்கள் நீரில் என்ன இருக்கிறது?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் உலையில்தான் தொடங்க ஆசைப்படுகிறார்கள். நான் கிணற்றில் தொடங்கச் சொல்வேன். கரி எல்லா நோய்க்கும் மருந்தன்று.

கரித்துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. நீரில் கரைந்துள்ள சில பொருள்கள் அந்தத் துளைச் சுவர்களில், பலாப்பால் விரலில் பிடித்துக்கொள்வதைப் போலப் பிடித்துக்கொள்கின்றன. பாடப்புத்தகம் இதைப் புறத்துறிஞ்சல் என்கிறது. சாயம், நாற்றம் தரும் பொருள்கள், குளோரின், எண்ணெய்த்தன்மையான சேதனப் பொருள்கள், பல பூச்சிகொல்லிகள் ஆகியவற்றைக் கரி பிடிக்கும். உப்பைப் பிடிக்காது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வன்மையையும் பிடிக்காது. நைத்திரேற்றும் புளோரைட்டும் சாதாரணக் கரியிடமிருந்து தப்பிவிடும். புளோரைட்டுக்கு எலும்புக்கரி போன்ற வேறு பொருள்கள் இருக்கின்றன. கிருமிகளைக் கரியை நம்பி விடவே கூடாது, நீரைக் கொதிக்கவைத்தே ஆக வேண்டும்.

எங்கள் கிணறுகளின் பெரிய குறைகள் எவை என்று எண்ணிப் பாருங்கள். வன்மை, புளோரைட்டு, பூநகரி போன்ற கரையோர இடங்களில் உவர்ப்பு. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் புளோரைட்டுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அதற்கு மேலுள்ள கிணற்றில் ஒரு மூட்டை கரியைக் கொட்டினாலும் புளோரைட்டு அப்படியே நிற்கும். வவுனியாவின் சில ஊர்களை வாட்டும் சிறுநீரக நோயின் காரணமே இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அப்படியிருக்க, கரி போட்ட தண்ணீர் சிறுநீரகத்தைக் காக்கும் என்று யாராவது வடிகட்டி விற்க வந்தால் வாங்காதீர்கள். முதலில் நீரை முறையான ஆய்வுகூடத்தில் சோதித்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அப்படியானால் இந்தக் கரி எதற்கு உதவும்? எங்கள் ஊரிலேயே அதற்குப் பொருத்தமான ஒரு வேலை காத்திருக்கிறது. பனையோலையில் பெட்டியும் பாயும் தொப்பியும் பின்னும் பெண்கள் ஓலைச் சார்வைக் கொதிக்கும் சாயத்தில் போட்டு எடுக்கிறார்கள். சிவப்பு, பச்சை, ஊதா என்று ஓலை அழகாக வெளியே வரும். மிஞ்சிய சாயநீர் குசினிக்குப் பின்னால் ஊற்றப்படும். நான் பார்த்த ஒரு முற்றத்தில் வாழைக்கன்றைச் சுற்றியிருந்த மண் உள்ளங்கை ஆழத்துக்கு ஊதாவாக இருந்தது. கிணறு அங்கிருந்து இருபது அடி தூரம்கூட இல்லை. கரிக்கு மிக இணக்கமான அழுக்கு சாயம். பலன் கண்ணுக்கு நேராகத் தெரியும், தவறினாலும் தெரியும். பழகுபவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

போத்தல் கரியால் தெளிய வைத்த நீரைக் குடிக்கக் கூடாது. போத்தல் பிளாஸ்டிக்கைச் செய்யும்போது பெரும்பாலும் அந்திமனி என்ற நச்சுத் தனிமத்தின் சேர்வை ஊக்கியாகச் சேர்க்கப்படுகிறது. அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் சுருங்கிக் கரியாகும்போது அது செறிந்து கரியோடு இருந்துவிடலாம். சாயநீருக்கு இது பெரிய தடையன்று, குடிநீருக்குத் தடை.

எந்தப் பிளாஸ்டிக் கரியாகும்

போத்தலைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்ற இலக்கம் இருந்தால் அது பெற் எனப்படும் பொலியெதிலீன் தெரெத்தலேற்று. தண்ணீர்ப் போத்தலும் சோடாப் போத்தலும் பெரும்பாலும் இதுதான். இதன் நிறையில் ஏறத்தாழ 62.5 சதவீதம் காபன். அந்தக் காபனில் பெரும்பகுதி ஆறு அணு வளையங்களாக இருக்கிறது. சூட்டில் சங்கிலி அறுந்தாலும் சில வளையங்கள் ஒன்றோடொன்று பிணைந்து நின்றுவிடும். அப்படி நின்றதுதான் கரி.

பொலித்தீன் பையும் 5 என்ற இலக்கமுள்ள பொலிபுரொப்பிலீன் டப்பாவும் அப்படியல்ல. அவற்றைக் காற்றில்லாமல் சுட்டால் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாகி மெழுகாகவும் எண்ணெயாகவும் வாயுவாகவும் போய்விடும். கலனில் கரியென்று சொல்ல எதுவும் மிஞ்சாது. அவற்றைக் கரியாக்க வேறு முறைகள் உண்டு, ஆனால் அவை தொடக்கக்காரருக்கு உரியவை அல்ல. 6 என்ற இலக்கமுள்ள பொலிசுற்றைரீனும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். 3 என்ற இலக்கம் பி.வி.சி.; அதன் நிறையில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 57 சதவீதம், குளோரின். அதைத் தொடவே வேண்டாம்.

தெளிவான, நிறமற்ற, சுத்தமான பெற் போத்தலை மீள்சுழற்சிக்கு எடுப்பவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். போத்தல் மறுபடி பிளாஸ்டிக்காகவே பயன்படுவது கரியாவதைவிட மேல். நிறமேறியது, நசுங்கியது, மண்பிடித்தது என்று அவர் ஒதுக்குவதைக் கரிக்கு எடுங்கள்.

பிரிப்பதில் அவசரப்பட வேண்டாம். இந்த வேலையின் தரம் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. மூடியைக் கழற்றுங்கள், அது வேறு பிளாஸ்டிக். மூடி போன பிறகும் கழுத்தில் ஒரு வளையம் ஒட்டியிருக்கும். அதைப் பலர் கவனிப்பதில்லை. கத்தரிக்கோல் நுனியால் நெம்பி எடுங்கள். போத்தலைச் சுற்றி இறுகப் போர்த்திய லேபிள் சில வேளை பி.வி.சி.யாக இருக்கும், ஆகவே எல்லா லேபிளையும் உரித்துவிடுங்கள். பசை போக வெந்நீரும் சிறிது சலவைத்தூளும் போதும்.

வெட்டிய துண்டுகளை ஒரு வாளி நீரில் போட்டுக் கலக்குங்கள். பெற் நீரைவிடக் கனமானது, அடர்த்தி ஏறத்தாழ 1.38, தாழ்ந்துவிடும். மூடித் துண்டும் பொலித்தீனும் மிதக்கும், அள்ளி எடுத்துவிடலாம். பி.வி.சி.யும் தாழும் என்பதால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. சந்தேகமான துண்டு இருந்தால் ஆய்வுகூடத்தில், நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள், ஒரு செப்புக் கம்பியைச் சிவக்கச் சூடாக்கி அந்தத் துண்டில் தொட்டு மறுபடி சுவாலையில் பிடிப்பார்கள். சுவாலை பச்சையானால் குளோரின் இருக்கிறது. அந்தப் போத்தல் வகை முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள்.

துண்டுகள் ஐந்து மில்லிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. போத்தலின் நடுப்பகுதி இலகுவாக வெட்டுப்படும். அடியும் கழுத்தும் தடிப்பு, அவற்றைத் தனியாக வைத்துப் பிறகு பாருங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், சிறுவர்களுக்குக் கையுறை கொடுங்கள். கழுவியதை ஒரு பழைய சீலையில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். வன்னி வெயிலுக்கு அது தாராளம். கிருமிநாசினியும் களைநாசினியும் வந்த போத்தல்கள் எந்த இலக்கம் கொண்டவையாக இருந்தாலும் இந்தக் குவியலுக்குள் வரக் கூடாது.

சிரட்டையில் கை பழகுங்கள்

உலைக்குப் போகும் முன்னர், கரியாகுதல் என்றால் என்ன என்பதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சிரட்டை அதற்கு நல்ல ஆசிரியர். இலங்கையின் சிரட்டைக்கரி உயிர்ப்பூட்டப்பட்டு உலகெங்கும் நீர் வடிகட்டிகளுக்கு ஏற்றுமதியாகிறது. முறிகண்டியில் நாம் உடைத்துவிட்டு வரும் தேங்காயின் சிரட்டையும் அதே சரக்குத்தான்.

இறுக்கமான மூடியுள்ள ஒரு பால்மாத் தகரத்தை எடுங்கள். மூடியின் நடுவில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். துளை இல்லாமல் சுட்டால் உள்ளே வாயு அடைபட்டுத் தகரம் வெடிக்கும். தும்பு நீக்கிய காய்ந்த சிரட்டையை விரல்நக அளவுக்கு உடைத்து, நிறுத்து, தகரம் நிறையப் போட்டு மூடுங்கள். வெளியிலே, கூரைக்கும் வேலிக்கும் எட்டத்தில், விறகுத் தீயின் நடுவில் வையுங்கள்.

முதலில் துளையால் வெள்ளைப் புகை வரும், அது பெரும்பாலும் நீராவி. பிறகு புகை மஞ்சளாகிக் கனக்கும். ஒரு கட்டத்தில் துளை வாயிலிலேயே தீப்பிடித்து, சிறிய விளக்கைப் போல எரியும். உள்ளேயிருந்து வரும் வாயு எரிகிறது. கொஞ்ச நேரத்தில் சுடர் நீலமாகிச் சுருங்கி அணைந்துவிடும். புகையும் நின்றதும் நீண்ட இடுக்கியால் தகரத்தை வெளியே எடுத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. சூடாக இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டுக் கரி கனலாகிச் சாம்பலாகிவிடும். முதல் தடவையில் பொறுமையிழந்து திறந்து, முழுக் கரியும் தணலாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

நன்றாக வந்த கரி ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடிபோல் கிணுங்கும். உடைத்த முகம் மினுங்கும். கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாது. மறுபடி நிறுங்கள். நூறு கிராம் சிரட்டைக்கு இருபத்தைந்து முதல் முப்பது கிராம் வரை கரி கிடைத்தால் சரி. மிகக் குறைந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, மிகக் கூடினால் முழுதும் கரியாகவில்லை. இந்த மூன்று விடயங்களும், அதாவது காற்றைத் தடுப்பது, வாயுவுக்கு வழிவிடுவது, ஆறும்வரை திறக்காமல் இருப்பது, பிளாஸ்டிக்குக்கும் அப்படியே பொருந்தும். வாயு மட்டும் அங்கே இன்னும் கொடிய நஞ்சு. அதனால்தான் தகரம் இங்கேயே நிற்கிறது, நாம் ஆய்வுகூடத்துக்குப் போகிறோம்.

ஆய்வுகூடத்தில் சுடுதல்

வன்னியிலேயே கேட்டுப் பார்க்க இடங்கள் இருக்கின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. பம்பைமடுவில் உள்ள வளாகம் 2021 முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. பாடசாலை வழியாக, அதிபரின் கடிதத்தோடு, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பிரித்துக் கழுவிக் காயவைத்த துண்டுகளையும் சிரட்டைக் கரியின் நிறைக் குறிப்பையும் கூடவே கொண்டுபோனால், நீங்கள் விளையாட வரவில்லை என்பது அவர்களுக்கு விளங்கும்.

உலையை இயக்குபவர் அவர்களில் ஒருவராக இருப்பார். ஆனால் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாக ஒரு குழாய் உலைக்குள், சிறிய பீங்கான் தட்டில், பத்துக் கிராம் அளவு துண்டுகள் வைக்கப்படும். தட்டின் மூன்றிலொரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பெற் 250 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உருகும். 400 பாகைக்கு மேல் சிதையும்போது வாயு கிளம்பி, பால் பொங்குவதைப் போலப் பொங்கும். நிறைய வைத்தால் தட்டைத் தாண்டி வழிந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்; பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

சூடேற்றும் முன் அரை மணித்தியாலம் நைதரசனை ஓடவிட்டு உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஐந்து முதல் பத்துப் பாகை என்ற கணக்கில் மெல்ல ஏற்றி, 600 முதல் 700 பாகைவரை கொண்டுபோய், ஒரு மணித்தியாலம் நிறுத்துவார்கள். வெளிவரும் வாயு, படிவதைப் பிடித்துவைக்கும் குளிர்ந்த பொறிக்கலம் ஒன்றையும் நீர்க் குமிழிக் கலத்தையும் கடந்து புகைக்கூண்டுக்குள் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் குடுவை இருக்கட்டும். உலை ஆறும்போது உள்ளே அழுத்தம் குறைந்து நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டாலும் அது அந்தக் குடுவையில் நின்றுவிடும், சூடான குழாய்க்குள் போகாது.

இங்கே நான் கண்ட ஓர் ஆபத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலாகப் பெற் சுட்டதைப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. 450 பாகை அளவில் குமிழிக் கலத்தில் குமிழிகள் மெதுவாகி, பிறகு நின்றேவிட்டன. வாயு முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். உலையை இயக்கியவர் குனிந்து வெளிக்குழாயைப் பார்த்தார். குழாய் உலையைவிட்டு வெளியே வந்து குளிரும் அந்த இடத்தில், உறைபனி படிந்ததைப் போல வெள்ளைத் தூள் அடைத்து நின்றது. பெற் சிதையும்போது தெரெத்தலிக் அமிலமும் பென்சோயிக் அமிலமும் ஆவியாக வெளியேறி, குளிர்ந்த இடத்தில் நேரே திண்மமாகப் படிந்துவிடுகின்றன. உள்ளே வாயு ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே வழியில்லை. அவர் உடனே சூட்டை நிறுத்தினார். எங்களை அறையைவிட்டு வெளியே அனுப்பினார். அழுத்தம் தானாக இறங்கும்வரை யாரும் பக்கத்தில் போகவில்லை. அதன் பிறகு வெளிக்குழாய் அகலமாக மாற்றப்பட்டது, உலையின் வாயிலிருந்து பொறிவரை அது சூடாகவும் வைக்கப்பட்டது. தூள் இப்போது பொறிக்குள்தான் விழுகிறது. குமிழியைப் பார்ப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள்.

நைதரசன் ஓடிக்கொண்டிருக்கவே உலை அறை வெப்பநிலைக்கு ஆற வேண்டும். தட்டை வெளியே எடுத்தால் கறுத்து, துளைத்துளையாக, நொருங்கக்கூடிய ஒரு பொருள் இருக்கும். நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் போத்தலுக்குப் பதினைந்து முதல் இருபது கிராம் அளவுதான். சிரட்டையைவிடக் குறைவு. நிறைய எதிர்பார்த்து வந்த பிள்ளைகளின் முகம் இந்த இடத்தில் வாடும். ஒரு கிலோ போத்தல் சேர்க்க அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

துளைகளைத் திறத்தல்

இப்படிக் கிடைத்த கரி இன்னும் சோம்பேறிக் கரி. துளைகள் இருக்கின்றன, வாயில்கள் அடைபட்டிருக்கின்றன. அவற்றைத் திறப்பதற்குத்தான் உயிர்ப்பூட்டுதல் என்று பெயர்.

உயிர்ப்பூட்டிய நல்ல கரி ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றரை எட்டும். எங்கள் காணிக் கணக்கில் சொல்கிறேன். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஆக, ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் கரிக்குள் நாலு பரப்புக் காணி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சாயம் அந்தக் காணி முழுவதிலும் குடியேறுகிறது.

திறப்பதற்கு இரண்டு வழிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று, கரியைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டோடு கலந்து நைதரசனில் 700 முதல் 800 பாகைவரை சுடுவது. மிக உயர்ந்த உட்பரப்பு கிடைக்கும். ஆனால் அந்த ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் அரிக்கும். பீங்கானையும் உலைக் குழாயையும் அரிக்கும். சூட்டில் பொற்றாசியம் உலோகமே உண்டாகலாம். அது நீர் பட்டால் தீப்பிடிக்கும். அனுபவசாலிகளின் வழி இது, நீங்கள் இப்போதைக்கு எட்ட நின்று தெரிந்துகொண்டால் போதும்.

மற்றது, அதே குழாய் உலையில் 850 முதல் 900 பாகையில் நைதரசனை நிறுத்தி, காபனீரொட்சைட்டை ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலம் ஓடவிடுவது. காபனீரொட்சைட்டு கரியின் சுவரிலிருந்து ஒரு காபன் அணுவைக் கழற்றிக்கொண்டு, தான் இரண்டு காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளாகிப் போகிறது. அணு கழன்ற இடம் துளையாகிறது. புதியவர்களுக்கு நான் இந்த வழியையே சொல்வேன். அரிக்கும் பொருளும் இல்லை, கழுவும் வேலையும் குறைவு. வெளிவரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் கிடையாது, ஆளைக் கொல்லும். அறையில் அதை உணரும் கருவி இல்லையென்றால் வேலையைத் தொடங்கக் கூடாது.

துளை திறக்கத் திறக்க நிறை குறையும். மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை போய்விட்டால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். ஆறிய கரியைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்து, வடித்து, 110 பாகையில் ஓர் இரவு காயவைத்து, இறுக மூடும் போத்தலில் போட்டு, நாளும் நிறையும் எழுதி ஒட்டுங்கள். திறந்து வைத்தால் குசினிப் புகையையும் காற்றின் ஈரத்தையும் பிடித்து நிரம்பிவிடும்.

வேலை செய்கிறதா?

பாடசாலை ஆய்வுகூடத்திலேயே இதைப் பார்க்கலாம். மெதிலீன் நீலம் என்ற சாயம் போதும். ஒரு லீற்றர் நீரில் பத்து மில்லிகிராம் என்ற செறிவில் கரைசல் செய்யுங்கள். அதைப் பாதி பாதியாக ஐதாக்கி, 10, 5, 2.5, 1.25 என்று ஒரே அளவான சோதனைக் குழாய்களில் வரிசையாக வையுங்கள். இது உங்கள் நிற ஏணி.

நூறு மில்லிலீற்றர் கரைசலில் 0.1 கிராம் உயிர்ப்பூட்டிய போத்தல் கரியைப் போட்டு ஒரு மணித்தியாலம் கலக்குங்கள். கரி போடாத இன்னொரு நூறு மில்லிலீற்றரையும் அதேபோல் கலக்குங்கள். சிரட்டைத் தகரக் கரி போட்டது ஒன்று, உயிர்ப்பூட்டாத போத்தல் கரி போட்டது ஒன்று என நான்கு குடுவைகள் இருந்தால் கதை முழுதாக விளங்கும். எல்லாக் கரியையும் ஒரே அரிதட்டால் அரித்து ஒரே பருமனாக எடுங்கள்.

வடிதாளில் ஒரு கண் இருக்கட்டும். மெதிலீன் நீலத்தை வடிதாளே பிடித்துக்கொள்ளும். கரி போடாத கரைசலை வடித்தபோதே நிறம் குறைந்திருந்ததைக் கண்டு ஒரு மாணவி என்னிடம் காரணம் கேட்டாள். நல்ல கேள்வி. அன்றிலிருந்து நாங்கள் வடிப்பதில்லை. இரவு முழுவதும் அடையவிட்டு, மேல்நீரை மெதுவாக உறிஞ்சி எடுத்து நிற ஏணியோடு வைத்துப் பார்க்கிறோம்.

கணக்கு எளிது. மேல்நீரின் நிறம் 1.25 குழாயோடு ஒத்தால், லீற்றருக்கு 8.75 மில்லிகிராம் போய்விட்டது. நூறு மில்லிலீற்றரில் அது 0.875 மில்லிகிராம். அதைக் கரியின் நிறையான 0.1 கிராமால் பிரித்தால், கிராமுக்கு 8.75 மில்லிகிராம். கரைசல் முற்றிலும் நிறமற்றுப் போனால் கரியின் முழுத் திறனை நீங்கள் இன்னும் காணவில்லை. சாயத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். நல்ல உயிர்ப்பூட்டிய கரி கிராமுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேலும் பிடிக்கும்.

சாயநீருக்குக் கொண்டுபோதல்

ஓலைச் சாயநீரை முதலில் முழுதாக ஆறவிட்டு, ஒரு நாள் அடையவைத்து, சீலையால் வடியுங்கள். ஓலைத் துணுக்கும் கரையாத சாயமும் அங்கேயே போய்விடும். கரியை அதற்கு வீணாக்க வேண்டாம்.

எவ்வளவு கரி வேண்டும் என்பதை நான்கு ஜாம் போத்தல்களே சொல்லிவிடும். ஒவ்வொன்றிலும் அரை லீற்றர் சாயநீர் எடுத்து, கால், அரை, ஒன்று, இரண்டு கிராம் என்று கரி போடுங்கள். ஒரு மணித்தியாலம் இடைக்கிடை கலக்கி, மறுநாள் காலை வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். போதுமான அளவுக்குத் தெளிந்த போத்தல்களுள் எது குறைந்த கரியில் தெளிந்ததோ அதன் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்குச் சரியான அளவு பச்சைக்குச் சரியாக இராது. ஒவ்வொரு சாயத்துக்கும் தனியே பார்க்க வேண்டும்.

கணக்கைக் கண்டு மலைக்காதீர்கள். லீற்றருக்கு இருநூறு மில்லிகிராம் சாயம் இருந்து, கரி கிராமுக்கு நூறு மில்லிகிராம் பிடித்தால், லீற்றருக்கு இரண்டு கிராம் வேண்டும். ஒரு கிலோ போத்தலிலிருந்து எண்பது கிராம் உயிர்ப்பூட்டிய கரி கிடைத்தது என்று வைத்துக்கொண்டால், நாற்பது லீற்றர் சாயநீர் தெளியும். ஒரு சிறு குழுவின் ஒரு நாள் சாய வேலைக்கு அது உதவும். அதற்கு மேல் தேவையென்றால் கடையில் வாங்கும் சிரட்டை உயிர்ப்பூட்டிய கரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, மண்ணும் கிணறும் தப்புவதே எங்களுக்கு வேண்டும்.

பெற் கரி பெரும்பாலும் தூளாகவே வரும். தூளை வடிகட்டிக் குழாயில் நிரப்பினால் நீர் இறங்காது. ஆகவே வாளியில் போட்டுக் கலக்கி, அடையவிட்டு, மேல்நீரை மட்டும் மணல் வழியே வடியுங்கள். மணல் வடிகட்டிக்கு ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றே போதும். அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் சீலைத் துண்டு கட்டி, சல்லிக்கல் நாலு விரல், அதன்மேல் கழுவிய ஆற்றுமணல் ஒரு சாண். முதலில் வரும் நீர் கறுப்பாக இருந்தால் மறுபடி மேலே ஊற்றுங்கள்.

தெளிந்த நீரைக் கண்டதும் மகிழ்ச்சி வரும், வரட்டும். ஆனால் சாயத்தோடு உப்போ புளிப்போ சேர்த்திருந்தால் அவை நிறமில்லாமல் அந்த நீரிலேயே இருக்கின்றன. அதைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் விடாதீர்கள். அடுத்த முறை ஓலையின் முதல் அலசலுக்குப் பயன்படுத்துங்கள். அப்படிப் பயன்படுத்தினால் கிணற்றிலிருந்து அள்ளும் நீரும் குறையும்.

சாயம் குடித்த கரியைக் குப்பையில் கொட்ட வேண்டாம், அடுப்பிலும் போட வேண்டாம். மழையில் நனைந்தால் பிடித்த சாயத்தில் ஒரு பகுதியை அது திருப்பி மண்ணுக்கே விட்டுவிடும். அடியில் தங்கியதைச் சீலையில் வடித்து, நிழலில் காயவைத்து, மூடியுள்ள வாளியில் சேருங்கள். வாளியின் மேல் எந்தச் சாயம், எத்தனை கிராம், எந்த நாள் என்று அழியாத மையால் எழுதுங்கள். வாளி நிறைந்ததும் கரியைச் சுட்ட ஆய்வுகூடத்துக்கே எடுத்துப் போங்கள். அதே உலையில் மறுபடி சூடேற்றினால் பிடித்த சாயம் சிதைந்து துளைகள் திரும்பவும் திறக்கும். எத்தனை முறை திறக்கிறது, ஒவ்வொரு முறையும் திறன் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பதே உங்கள் மாணவர்களின் அடுத்த செயற்றிட்டமாக இருக்கலாம்.